தங்க இடம் எங்கே?

எனக்குப் பிறந்த ஊரும் புகுந்த ஊரும் ஒன்றேதான். மதுரையிலிருந்து திருச்சி போகும் சாலையில், மேலூர் தாண்டி வருகிற கொட்டாம்பட்டி. 1997-ல் பிளஸ் டூ முடித்தேன். மார்க் நன்றாகவே வந்திருந்தது. மதுரையில் ஒரு கல்லூரியில் சேர விண்ணப்பப் படிவம்கூட வாங்கி வந்துவிட்டேன். அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"படிக்கிறதெல்லாம் சரித்தா. மதுரையில தங்க இடம் எங்க?"

எங்களுக்கு மதுரையில் சொந்தக்காரர் என்று யாரும் கிடையாது. ஹாஸ்டல் என்றால் அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் ஒரு பயம். படிவம் டிரங்குப் பெட்டிக்குள் போயிற்று. அடுத்த தையில் எனக்குக் கல்யாணம். யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அதே கேள்வி 27 வருஷம் கழித்து என் மகளுக்காக மறுபடியும் என் வீட்டு வாசலில் வந்து நிற்கும் என்று நான் நினைக்கவில்லை.

மகள் பி.காம். முடித்து, மதுரை டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். சம்பளம் 14,000 ரூபாய். பக்கத்திலேயே ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டோம். ஓர் அறையில் நான்கு பேர். சாப்பாட்டோடு மாதம் 6,000 ரூபாய்.

2024 செப்டம்பர் 12-ஆம் தேதி. காலையில் டீ போட்டுக்கொண்டே டி.வி.யைப் போட்டேன். பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் காட்ராபாளையத்தில் ஒரு பெண்கள் விடுதியில் அதிகாலையில் ஃப்ரிட்ஜ் வெடித்துத் தீப்பிடித்து, இரண்டு பெண்கள் இறந்துவிட்டார்கள் என்று செய்தி. என் கை கால் எல்லாம் ஆடிவிட்டது. போன் போட்டால் மகள் எடுக்கவில்லை. மூன்றாவது தடவைதான் எடுத்தாள். "அம்மா, அது எங்க ஹாஸ்டல் இல்லம்மா" என்று அவள் சொன்ன பிறகுதான் அடுப்பில் பால் பொங்கி வழிந்து கிடந்ததைப் பார்த்தேன்.

என் கணவர் அடுத்த பஸ்ஸிலேயே போய், மகளைப் பெட்டியோடு அழைத்து வந்துவிட்டார். அவள் இருந்த விடுதியிலும் ஒரே மாடிப்படி. ஜன்னலுக்கெல்லாம் அசைக்க முடியாத கம்பி. அதையெல்லாம் சேர்க்கும்போதே நான் பார்த்திருக்க வேண்டும். சாப்பாடு நன்றாக இருக்கிறதா, தலையணை சுத்தமாக இருக்கிறதா என்றுதான் பார்த்தேன். பெண்கள் விடுதி நடத்துகிறவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும் என்று 2014-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்திருக்கிறது. "உரிமத்தைக் காட்டுங்கள்" என்று கேட்கலாம் என்பதே எனக்கு அப்போது தெரியாது.

அதற்குப் பிறகு ஊரிலிருந்தே வேலைக்குப் போய்வந்தாள். கொட்டாம்பட்டிக்கும் மதுரைக்கும் சுமார் 50 கிலோமீட்டர். மாட்டுத்தாவணியில் இறங்கி, மறுபடி டவுன் பஸ் பிடித்து பெரியார் நிலையம் போக வேண்டும். காலை ஆறே காலுக்குக் கிளம்பினால் ராத்திரி ஒன்பது மணிக்கு வருவாள். வந்ததும் தட்டின் முன்னாலேயே தூங்கி விழுவாள். என் கணவர் ஒரு நாள், "வேலையை விட்டுரட்டும். ஒரு வரன் பார்த்து முடிச்சுருவோம்" என்றார். மகள் ஒன்றும் பேசவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

அன்று ராத்திரி நான் அவரிடம் சொன்னேன். "எனக்கு ஒரு மாசம் டயம் குடுங்க. நான் இடம் பார்க்கிறேன்."

மகளோடு வேலை பார்க்கிற இரண்டு பெண்களும் இதே நிலைமையில் இருந்தார்கள். ஒருத்தி உசிலம்பட்டிப் பக்கம், இன்னொருத்தி சிவகங்கை. தனியாக வீடு எடுக்க யாருக்கும் சம்பளம் போதாது. மூன்று பேரும் சேர்ந்து ஒரு வீடு எடுத்தால் முடியும். ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்று பெண்களும் நானும் டூ-லெட் போர்டைத் தேடி நடந்தோம்.

முதலில் மாசி வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மாடி. அலுவலகத்துக்கு நடந்தே போகலாம். ஆனால் ஏறுகிற படிக்குக் கீழேயே கீழ் வீட்டுக்காரர் கேஸ் சிலிண்டர் வைத்திருந்தார். வேறு வழி கிடையாது. வாசலோடு திரும்பிவிட்டேன்.

சிம்மக்கல்லில் ஒரு வீடு லட்சணமாக இருந்தது. "வாடகைக்கு இல்ல, ஒத்திக்குத்தான்" என்றார்கள். மதுரைப் பக்கத்துப் பெண்களுக்கு ஒத்தி தெரிந்திருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு பெரிய தொகையை மொத்தமாக வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது அந்தத் தொகை வட்டியில்லாமல் திரும்பி வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வீட்டின் மேல் ஏற்கெனவே கடன் இருந்தால் நம் பணம் மாட்டிக்கொள்ளும். வில்லங்கம் போட்டுப் பார்க்காமல், பத்திரம் பதியாமல் ஒத்திப் பணம் கொடுக்கக் கூடாது. எங்களிடம் அவர்கள் கேட்ட 3 லட்சமும் இல்லை. அந்தப் பேச்சை அத்தோடு விட்டோம்.

இன்னொரு இடத்தில் வீடு காட்டுவதற்கு முன்பே, "நீங்க என்ன ஆளுக?" என்று கேட்டார்கள். "நாங்க வாடகை குடுக்கிற ஆளுக" என்று என் மகள் பட்டென்று சொல்லிவிட்டாள். கதவு சாத்தப்பட்டது. தெருமுனை வரை அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். உள்ளுக்குள் திட்ட மனமில்லை.

செல்லூரில் ஒரு கீழ் வீடு. வாடகை 6,000-தான். பெண்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. சுவரில் முழங்கால் உயரத்துக்குப் புதுச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். மேலே பழைய நிறம். எனக்கு உறுத்தியது. எதிர்க் கடையில் ஒரு சோடா வாங்கிக்கொண்டு மெதுவாக விசாரித்தேன். 2024 அக்டோபர் 25-ஆம் தேதி மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது பலருக்கு ஞாபகம் இருக்கும். "இங்கேயும் கட்டில் மிதந்துச்சும்மா" என்றார் கடைக்காரர். வீட்டுக்காரர் சொல்லாததை எதிர்க் கடைக்காரர் சொல்லிவிடுவார் என்று அன்று கற்றுக்கொண்டேன்.

கடைசியில் நரிமேட்டில் ஒரு காம்பவுண்டு வீடு கிடைத்தது. முதல் மாடியில் இரண்டு அறை, சமையலறை. பின்பக்கம் இரும்புப் படி ஒன்று தனியாக இறங்கியது. கோரிப்பாளையம் வரை நடந்தால் பெரியார் நிலையத்துக்கு டவுன் பஸ். 2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதனால் வீடு இரண்டு மைல் தள்ளி இருந்தாலும் செலவு கூடவில்லை. நகரத்து நடுவிலேயே வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது தப்பு என்று தோன்றியது. வாடகை 7,500.

கீழ் வீட்டில் இருந்த வீட்டுக்கார அம்மா கணவரை இழந்தவர். எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஆனால் தயங்கினார். "தப்பா நினைக்காதீங்க. மூணும் வயசுப் பொண்ணுங்க. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா யாருகிட்ட நான் போய் நிப்பேன்?"

அவர் கேட்டதில் எனக்கு என் அப்பாவின் குரல் கேட்டது. அதுவும் பயம்தான், இதுவும் பயம்தான். "அக்கா, அடுத்த ஞாயித்துக்கெழமை மறுபடி வர்றோம். அதுவரைக்கும் வேற யாருக்கும் விட்ராதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அடுத்த வாரம் மூன்று பெண்களின் அம்மாக்களும் சேர்ந்து போனோம். நாங்கள் மூவருமே ஒருவரையொருவர் முதல் தடவையாக அன்றுதான் பார்த்தோம். ஆதார் அட்டை நகல், அலுவலகக் கடிதம், மூன்று வீட்டு போன் நம்பர் எல்லாம் ஒரு கவரில் போட்டு அந்த அம்மாவின் கையில் கொடுத்தோம். பள்ளிக்கூடத்தில் படித்த சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. புகாரிலிருந்து நடந்தே வந்த கண்ணகிக்கும் மதுரையில் முதலில் தங்க இடம்தானே வேண்டியிருந்தது! கவுந்தியடிகள் என்ற ஒரு பெண்துறவி, மாதரி என்ற இன்னொரு பெண்ணிடம் அவளை அடைக்கலமாக ஒப்படைத்தார். பெண்ணுக்குப் பெண் பொறுப்பு சொன்னால்தான் மதுரையில் அன்றும் வீடு கிடைத்திருக்கிறது.

அந்த அம்மா சம்மதித்தார். ஆனால் பத்து மாத அட்வான்ஸ் கேட்டார். சிவகங்கைப் பெண்ணின் அம்மா விவரமானவர். தமிழ்நாட்டில் வாடகைக்கென்று 2017-ல் போட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தைப் பற்றி அவர்தான் எடுத்துச் சொன்னார். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதிக்கொண்டால் தவிர, அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் பாக்கி போக மீதியைத் திருப்பித் தர வேண்டும். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், அதைப் பதிவும் செய்ய வேண்டும். சண்டையாகப் பேசாமல், "உங்களுக்கும் இதுதாங்க்கா பாதுகாப்பு" என்று பக்குவமாகச் சொன்னார். அட்வான்ஸ் 22,500-க்கு ஒத்துக்கொண்டார்கள். ஆளுக்கு 7,500.

ஒப்பந்தத்தில் ஒரு பெயர் போதும் என்றார் எழுதுகிறவர். மூன்று பெயரும் வேண்டும் என்று நாங்கள் நின்றோம். ஒருத்தி பெயரில் மட்டும் இருந்தால் மற்ற இருவரும் உள்வாடகைக்கு இருப்பது போல ஆகிவிடும். வீட்டுக்காரரின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் அப்படி இருக்க முடியாது. பெயர் எழுதியவளுக்கும் பொறுப்பு, மற்றவர்களுக்கு உரிமை இல்லை என்றாகிவிடும்.

செலவுக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வாடகை ஆளுக்கு 2,500. அரிசி, காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 2,000. கரண்டும் தண்ணீரும் 200. ஆக 4,700. விடுதியைவிட மாதம் 1,300 ரூபாய் குறைவு. மாடிக்குத் தனி மின் இணைப்பு இருக்கிறதா என்று முதலிலேயே கேட்டுக்கொண்டோம். தனி இணைப்பு இருந்தால்தானே இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் நமக்குக் கிடைக்கும்!

வீடு கிடைத்ததோடு கதை முடிந்துவிடவில்லை. கூடி இருப்பது என்பது தனிக் கலை. நான் ஊரிலிருந்து அரிசியும் தேங்காயும் கடலையும் மூட்டை மூட்டையாக அனுப்பினேன். ஒரு நாள் போனில், "நம்ம வீட்டுலயிருந்துதான் எல்லாம் வருது, அவங்க என்ன குடுக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டேன். மகள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மா, இது உன் வீடு இல்ல. எங்க மூணு பேரு வீடு. குடுக்கிறதா இருந்தா மூணு பேருக்கும்னு குடு. இல்லேன்னா நாங்க கடையில வாங்கிக்கிறோம்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. இரண்டு நாள் போன் பண்ணவில்லை. மூன்றாம் நாள் யோசித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரிதான்.

அவர்களே ஒரு நோட்டுப் போட்டிருந்தார்கள். யார் எந்த நாள் சமைப்பது, ராத்திரி எத்தனை மணிக்கு மேல் போனில் சத்தமாகப் பேசக் கூடாது, விருந்தாளி வந்தால் முன்கூட்டிச் சொல்வது, காலி செய்கிறவள் ஒரு மாதம் முன்னால் சொல்வது எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கடைசி விதி சீக்கிரமே உதவியது. மூன்றாம் மாதமே உசிலம்பட்டிப் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. திடீரென்று போயிருந்தால் மற்ற இருவர் தலையிலும் 3,750 விழுந்திருக்கும். ஒரு மாத அவகாசத்தில் நத்தத்துப் பெண் ஒருத்தி வந்து சேர்ந்தாள். அவள் கொடுத்த 7,500 அட்வான்ஸ், போகிறவள் கைக்குப் போயிற்று. ஒப்பந்தத்திலும் பெயரை மாற்றி எழுதிக்கொண்டார்கள். மனஸ்தாபம் இல்லை.

மகளை வெளியூருக்கு வேலைக்கு அனுப்பும் தாய்மார்களே, வாடகை எவ்வளவு என்பதைக் கடைசியில் கேளுங்கள். தீப்பிடித்தால் எந்த வழியாக வெளியே வருவாள், மழை பெய்தால் எங்கே நிற்பாள், சண்டை வந்தால் எழுத்தில் என்ன இருக்கிறது, இதையெல்லாம் முதலில் கேளுங்கள். இடம் இல்லை என்று ஒரு பெண்ணைத் திருப்பி அழைப்பதற்கு முன்னால், இன்னும் நாலு தெரு நடந்து பாருங்கள்.

2025 மே மாதம் சித்திரைத் திருவிழா வந்தது. எதிர்சேவை நடக்கும் தல்லாகுளம் நரிமேட்டிலிருந்து நடை தூரம்தான். வருஷா வருஷம் அழகரைப் பார்க்க வந்து, தெருவோரம் துண்டை விரித்துப் படுத்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் நாங்கள். இந்தத் தடவை வீட்டுக்கார அம்மாவிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, மகள் வீட்டில் தங்கினோம். என் அப்பாவும் வந்திருந்தார். வயது எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டது. மெதுவாகப் படியேறி வந்து, இரண்டு அறையையும் எட்டிப் பார்த்தார். சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்தார். பின்பக்கத்து இரும்புப் படியையும் ஆட்டிப் பார்த்தார்.

ராத்திரி விளக்கை அணைத்த பிறகு, இருட்டில் அவர் குரல் கேட்டது.

"அன்னிக்கு நானும் நாலு இடத்துல கேட்டிருக்கணுந்தா."

எனக்குத் தொண்டை அடைத்தது. "விடியக்காலம் ஆத்துக்குப் போகணும், தூங்குங்கப்பா" என்று மட்டும் சொன்னேன்.