மசாலா டப்பா வேண்டாம், தெர்மாமீட்டர் கொண்டு வா

மஸ்ஜித் இந்தியா,
கோலாலம்பூர்.

அன்புத் தம்பிக்கு,

அத்தானுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது; வாய்தான் கட்டுக்குள் இல்லை. இந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஹூஸ்டனிலிருந்து குடும்பத்தோடு வருகிறாய் என்று நீ எழுதிய பக்கத்தை அம்மா திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கேட்டார்கள். கண்ணாடி போட்டால் அவர்களே வாசிக்கலாம். என் வாயால் கேட்க வேண்டுமாம்.

நீ கேட்டதற்குப் பதில்: தாராளமாகச் செய்யலாம். இங்கேயே, நம் வீட்டு ஓவனிலேயே, நீங்கள் அங்கே சாப்பிடுகிற அந்த லூசியானாக் கேஜன் மசாலாக் காரத்தோடேயே வான்கோழி சுடலாம். லூசியானாக்காரர்கள் மாதிரி முழுசாக எண்ணெயில் இறக்கிப் பொரிக்கிற யோசனையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டு வா. உனக்கு வீட்டுக்குப் பின்னால் புல்தரை இருக்கிறது. நமக்கு மாடி வீடு, கீழே துணிக்கடை. ஐஸ் சரியாக விடாத கோழி கொதிக்கிற எண்ணெயில் விழுந்தால், உள்ளே இருக்கிற தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகும். எண்ணெய் பொங்கி அடுப்பில் வழிந்து தீப்பிடிக்கும். அதைத்தான் உங்கள் ஊர்த் தீயணைப்புக்காரர்கள் வருஷா வருஷம் செய்து காட்டி எச்சரிக்கிறார்கள் என்று வீடியோ அனுப்பினாயே. அதைப் பார்த்த பிறகும் இந்த யோசனை உனக்கு எப்படி வந்தது?

அத்தான் கேட்கிறார், “நமக்கு எதற்கு இந்த வெள்ளைக்காரன் கோழி? ஆட்டுப் பிரட்டல் இல்லையா?” என்று. நான் இதை யோசித்துத்தான் முடிவு பண்ணினேன். நம் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்புக்கு யார் யார் வருகிறார்கள் என்று பார். எதிர் வீட்டு மலாய்க்காரக் குடும்பம். கடை முதலாளி பாயும் மாமியும் பேரப்பிள்ளைகளும். இந்துவாகவே இருந்துவிட்ட சித்தப்பா வீட்டார். அத்தானோடு வேலை செய்கிற சீன நண்பர்கள். பன்றியும் ஆகாது, மாடும் ஆகாது. ஆடு எல்லாருக்கும் ஆகும்தான். ஆனால் தீபாவளிக்கும் ஆடு, நோன்புப் பெருநாளுக்கும் ஆடு, கல்யாணத்துக்கும் ஆடு. கிறிஸ்துமஸுக்கு என்று ஒரு முகம் வேண்டாமா? முழுப் பறவையாக நடு மேசையில் வைத்து, எல்லார் கண் முன்னாலும் வெட்டிப் பரிமாறினால் ஒருத்தர்கூட “இதில் என்ன இறைச்சி?” என்று தயங்க வேண்டியதில்லை. நம் ஊரில் வான்கோழி நிலைத்ததற்கு ருசி காரணம் இல்லை, இதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ருசிக்காக என்றால் யாரும் இதைத் தேடிப் போகமாட்டார்கள். நம் ஊர் நாட்டுக்கோழி முன்னால் இது நிற்காது.

ஒன்று மட்டும் உறுதி. கோழி ஹலால் முத்திரையோடுதான் வரும். குழம்பில் வைன் ஒரு சொட்டுக்கூட விழாது. தட்டும் கத்தியும் நம் வீட்டில் எப்போதும் சுத்தம்தான், அம்மா காலத்திலிருந்தே பன்றி ஏறியதில்லை. அப்பா பாயின் கடையில் துணி அளந்த காலத்தில் மத்தியானச் சாப்பாடு அவர்கள் வீட்டிலிருந்துதான் வரும். திருப்பி அனுப்புகிற டிபன் கேரியரில் நம் வீட்டுக் குழம்பு போகும். பன்றி சமைத்த வீட்டிலிருந்து அது போக முடியுமா? வெள்ளிக்கிழமை மத்தியானம் மசூதியில் தமிழில் பிரசங்கம் கேட்டுக்கொண்டே நீயும் நானும் கடை வாசலில் வீட்டுப்பாடம் எழுதியது உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தத் தெருவில்தான் இன்னும் இருக்கிறோம்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் பெரிய ஹோட்டல் ஒன்றில் முன்பதிவு பண்ணிச் சுட்ட வான்கோழி வாங்கினோம். பெயர் வேண்டாம். காலும் தொடையும் நன்றாக இருந்தன. நெஞ்சுக்கறியை ஆளுக்கு ஒரு வாய் வைத்துவிட்டு எல்லாரும் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தோம். சமைத்தவரை முழுசாகக் குறை சொல்ல முடியாது, பறவையின் உடம்பே அப்படி. நெஞ்சில் கொழுப்பு குறைவு, சீக்கிரம் வெந்துவிடும். தொடை தடித்தது, நேரம் எடுக்கும். தொடை வேகும்வரை காத்திருந்தால் நெஞ்சு காய்ந்து நார் நாராகிவிடும். இதற்கு மசாலா மருந்து இல்லை. எவ்வளவு காரம் தடவினாலும் காய்ந்த கறி காய்ந்த கறிதான்.

ஆகவே முதுகெலும்பை எடுத்துவிடுவேன். பெரிய கத்தரிக்கோலால் எலும்பின் இரண்டு பக்கமும் வெட்டி எடுத்து, பறவையைக் குப்புறத் திருப்பாமல் நெஞ்சு மேலே பார்க்க வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் ஓங்கி அழுத்த வேண்டும். நெஞ்செலும்பு ‘டக்’கென்று உடைகிற சத்தம் கேட்கும், பிறகு தட்டில் தட்டையாகப் படுத்துவிடும். தொடைகள் வெளிப்பக்கம் சூடு நேராகப் படுகிற இடத்துக்கு வந்துவிடும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் வேகும். முழுப் பறவையாக நிற்கிற அழகு கொஞ்சம் குறையும். குறையட்டும். நம் ஓவனும் சின்னது, ஐந்து கிலோவுக்கு மேல் உள்ளே நுழையாது.

ஐஸ் விடுவதுதான் பொறுமை வேண்டிய வேலை. நம் ஊர் வெயிலில் மேசைமேல் வைத்தால் வெளியே கெட்டுப்போகும், உள்ளே இன்னும் கல்லாக இருக்கும். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், இரண்டு கிலோவுக்கு ஒரு நாள் கணக்கு. ஐந்து கிலோ என்றால் இருபத்திரண்டாம் தேதியே இறக்கிவிட வேண்டும். கழுத்தும் ஈரலும் ஒரு பையில் போட்டு வயிற்றுக்குள் வைத்திருப்பார்கள், அதை எடுக்க மறக்கக்கூடாது. அம்மா சொல்கிற மாதிரி குழாயடியில் கழுவவும் கூடாது. கழுவினால் சமையலறை முழுக்கக் கிருமிதான் தெறிக்கும். அம்மாவிடம் இதை நீதான் சொல்ல வேண்டும், நான் சொன்னால் எடுபடாது.

மசாலா. நீ டப்பா வாங்கி வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். போன தடவை நீ அனுப்பியதை அலமாரியிலிருந்து எடுத்து, பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தேன். முதல் பெயரே உப்பு. இங்கே கிடைக்கிற உறைந்த வான்கோழிகளில் பல ஏற்கெனவே உப்புத் தண்ணீர் ஏற்றித்தான் வருகின்றன, உறையிலேயே போட்டிருப்பார்கள். அதன்மேல் இந்த டப்பாவைத் தட்டினால் கருவாடு ஆகிவிடும். அதனால் நானே கலக்கிறேன்.

இந்தக் கேஜன் காரத்தில் மூன்று விதக் காரம் சேர வேண்டும்: சிவப்பு மிளகாய், கருமிளகு, வெள்ளை மிளகு. 1979-இல் நியூ ஆர்லியன்ஸில் உணவகம் திறந்த பால் புருதோம் என்ற சமையல்காரர்தான் இதை உலகத்துக்குக் காட்டினார். மிளகு என்றால் நாம் சரவாக்கை விட்டு வேறு எங்கே போவது? கருப்பும் வெள்ளையும் அங்கேயிருந்து வருவதுதான். பாப்ரிகாவுக்குப் பதில் நம் தெருவில் கிடைக்கிற காஷ்மீர் மிளகாய்த்தூள். நிறம் கொடுக்கும், நாக்கைச் சுடாது. காரத்துக்குச் சாதாரண மிளகாய்த்தூள் ஒரு தேக்கரண்டி. பூண்டுத்தூள், வெங்காயத்தூள் ஒவ்வொன்றும் ஒரு மேசைக்கரண்டி. காய்ந்த தைம் கடையில் வாங்கலாம். ஒரிகானோவுக்கு மட்டும் நம் பால்கனித் தொட்டியில் கற்பூரவல்லி இருக்கிறது. இரண்டிலும் வாசனை தருகிற சத்து ஒன்றுதான். ஐந்தாறு இலையை வெயிலில் காயவைத்துப் பொடித்தால் போதும். ஆசைக்கு அதிகம் போட்டால் இருமலுக்கு மருந்து குடித்த மாதிரி ஆகிவிடும்.

வெண்ணெயில் இதைக் குழைத்து, தோலைக் கையால் மெல்லத் தூக்கி, உள்ளே நெஞ்சுக்கறியின் மேல் தடவுவேன். தோலுக்கு மேலே கொஞ்சம்தான். மிளகாய் நேரடிச் சூட்டில் கருகிக் கசக்கும், நமக்குத் தெரியாததா? உப்பு ஏற்றாத பறவை கிடைத்தால் மட்டும் கிலோவுக்கு ஒரு தேக்கரண்டி தூள் உப்பு முதல் நாளே தடவுவேன். மூடாமல் ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் கிடந்தால் தோல் வறண்டு, சுடும்போது மொறுமொறுக்கும்.

காலையில் ஓவன் 180 டிகிரி செல்சியஸ். ஒன்றேகால் மணி நேரத்துக்குப் பிறகு தெர்மாமீட்டர் குத்திப் பார்க்கலாம். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். தொடையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல், 74 டிகிரி காட்டினால் எடுத்துவிட வேண்டும். நெஞ்சு முன்கூட்டியே கருத்தால் அலுமினியத் தாளைப் போர்த்துவேன். எடுத்தவுடன் வெட்டாதே, அரை மணி அப்படியே இருக்கட்டும். அந்த நேரத்தில் தட்டில் இறங்கிய எண்ணெயில் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றையும் வதக்கிக் குழம்பு வைக்கலாம். லூசியானாவில் இந்த மூன்றையும் சேர்த்துப் பரிசுத்த திரித்துவம் என்றே சொல்வார்களாம். நம் ஃபாதரிடம் சொன்னேன், சிரித்தார். பிரசங்கத்தில் எடுத்துக்கொள்வார் போலிருக்கிறது.

அந்தக் கேஜன்காரர்கள் யார் என்று சின்னவள் கேட்டாள். தேடிப் பார்த்தேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாப் பக்கம் இருந்த பிரெஞ்சு பேசும் கத்தோலிக்கர்கள். 1755-இல் தொடங்கி பிரிட்டிஷ்காரன் அவர்களைக் கப்பலில் ஏற்றித் துரத்திவிட்டான். சிதறிப்போனவர்களில் ஒரு கூட்டம் லூசியானாவின் சதுப்பு நிலத்தில் போய்ச் சேர்ந்தது. அங்கே கிடைத்த மிளகாயும் மீனும் பறவையும் கலந்து இந்தச் சமையலைப் பிடித்துக்கொண்டார்கள். பாய் கடையில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அவர் வான்கோழிப் பேச்சில் முகலாயப் பாதுஷா ஜஹாங்கீரை இழுத்துவிட்டார். 1612-இல் கோவாவுக்குப் போய்வந்த முகர்ரப் கான் கொண்டுவந்த விநோதப் பிராணிகளில் ஒரு வான்கோழியும் இருந்ததாம். தலையில் இருக்கிற சதை நிறம் மாறுவதைப் பார்த்து ஆச்சரியப்பட்டு எழுதிவைத்தார் பாதுஷா. அவருடைய ஓவியர் மன்சூர் வரைந்த படம் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. “நாங்கள்தான் முதலில் பார்த்தோம்” என்றார் பாய், வான்கோழி அவர் வீட்டுச் சொத்து மாதிரி.

மிச்சம் எப்படியும் விழும். எலும்பையும் தேறுகிற கறியையும் மறுநாள் கேரி டெபாலாக வைக்கலாம் என்று இருக்கிறேன். மலாக்காவில் போர்த்துகீசிய வம்சத்தார் பெருநாள் முடிந்த மறுநாள் மிச்ச இறைச்சிகளைப் போட்டுச் சமைக்கிற கறி. வினிகரும் கடுகும் வத்தல் மிளகாயும். காரமென்றால் கேஜன்காரன் கண்ணில் தண்ணீர் வரும். சித்தப்பாவுக்கு அன்றைக்குத்தான் உண்மையில் சாப்பாடு இறங்கும், பாரேன்.

சைவம் சாப்பிடுகிற பெரியம்மாவுக்குத் தனியாகச் சாம்பார், வாழைக்காய் வறுவல். அந்தப் பாத்திரம் வேறு, கரண்டி வேறு. உன் பிள்ளைகள் எச்சில் கையோடு அங்கே போகாமல் நீ பார்த்துக்கொள்.

நீ கொண்டு வர வேண்டியது: உள்ளே குத்திச் சூடு பார்க்கிற அந்தத் தெர்மாமீட்டர். பேட்டரி புதுசாகப் போட்டு வா. பெட்டியில் இடம் இருந்தால் அம்மாவுக்கு மெல்லிய ஸ்வெட்டர் ஒன்று. புடு அந்தோணியார் கோவிலில் ஏசிக் குளிரில் உட்கார முடியவில்லை என்று முணுமுணுக்கிறார்கள். இருபத்திநாலாம் தேதி ராத்திரிப் பூசைக்கு எல்லாரும் சேர்ந்து போகலாம். திரும்பி வந்ததும் நேரே தூங்க வேண்டாம், பறவையைத் தடவுகிற வேலை உனக்குத்தான் வைத்திருக்கிறேன்.

விமான நேரம் தெரிந்ததும் அத்தானுக்குச் சொல்லு. சனிக்கிழமை இறங்கினால் லோரோங் துவாங்கு அப்துல் ரஹ்மான் இரவுச் சந்தை நாள்; கார் உள்ளே வராது, எல்.ஆர்.டி.யில் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி நடந்து வா.

அன்புடன்,
அக்கா