கேளாமல் வந்த படி

எழுபது வயதை எட்டிப் பார்க்கும் ஒரு கதாசிரியன், கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, உலகத்திலேயே இல்லாத ஒரு டஜன் வாலிபர்களுக்குக் கூடைப்பந்து பழக்கிக்கொண்டிருக்கிறான் என்றால், வீட்டில் உள்ளவர்கள் அவனைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நினைத்துவிட்டுப் போகட்டும். பகல் முழுதும் சீட்டாடுகிறவர்களை அந்தக் காலத்தில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்டத்தின் பெயர் பஸ்ஸர்பீட்டர். 2007ல் இன்டர்நெட்டில் தொடங்கியது. இதில் பந்தைத் தொடுகிற வேலை நமக்கு இல்லை. நாம் அணியின் நிர்வாகி. ஆள் பிடிக்க வேண்டும், சம்பளம் பட்டுவாடா செய்ய வேண்டும், அரங்கத்துக்கு டிக்கெட் விலை வைக்க வேண்டும், யார் எந்த இடத்தில் நின்று ஆடுவது என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எதிர் அணிக்காரர் இத்தாலியிலோ ஸ்பெயினிலோ நம்மைப் போலவே ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். தாலுகா கச்சேரிக் குமாஸ்தாவின் வேலை என்றுதான் முதலில் எனக்கும் தோன்றிற்று. பிறகுதான் அதற்குள்ளே ஒரு நாவல் இருப்பது தெரிந்தது.

நாவல் இருப்பது பயிற்சியில். தூரத்திலிருந்து எறிவது, பந்தைத் தட்டிக்கொண்டு போவது, கூட்டாளிக்குக் கொடுப்பது, கூடையின் அடியில் நின்று போடுவது, எதிரியை மறிப்பது என்று ஒவ்வொருவனுக்கும் பல திறமைகள். ஒவ்வொன்றுக்கும் இருபது படிகள். படிகளுக்கு எண் மட்டுமல்ல, பெயரும் உண்டு. முதல் படி ‘படுமோசம்’, அடுத்தது ‘பரிதாபம்’. இப்படியே ஏறி ஆறாவது படிக்கு வந்தால்தான் ‘சுமார்’. இதை எழுதியவர் யாரோ நல்ல பள்ளிக்கூட வாத்தியாரிடம் அடி வாங்கியிருக்க வேண்டும். ஒருவன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதற்கும் தனிப் பட்டியல் உண்டு. அதில் மிகவும் தாழ்ந்த விதி எது தெரியுமா? ‘அறிவிப்பாளர்’! அதாவது, பையா, உனக்கு ஆட்டம் வராது, மைக்கைப் பிடித்துப் பேசத்தான் நீ லாயக்கு என்று அர்த்தம்.

வாரத்துக்கு ஒரே ஒரு பயிற்சிதான், அணி முழுமைக்கும். இந்த வாரம் மறிப்பு என்றால் எல்லோருக்கும் மறிப்புத்தான். அதிலும் அந்தப் பயிற்சிக்கு உரிய இடத்தில் நின்று போதுமான நிமிஷங்கள் ஆடியவனுக்கே பலன். வெள்ளிக்கிழமை முடிவு தெரியும். உறைக்கு ஊற்றிய பாலைப் போல உள்ளே என்ன நடக்கிறது என்று காட்டமாட்டார்கள். ஒரு படி முழுதாக ஏறினால்தான் நமக்குச் செய்தி வரும். இளையவன் சீக்கிரம் கற்கிறான், மூத்தவன் மெதுவாகக் கற்கிறான். நெட்டையனுக்குக் கூடையடி வேலை சுலபமாக வரும், குட்டையனுக்கு வெளிவேலை. எல்லாவற்றுக்கும் கணக்கு உண்டு. பஞ்சாங்கம் போல அட்டவணை போட்டு வைத்திருக்கிற மகானுபாவர்கள் இருக்கிறார்கள்.

இவ்வளவு கணக்குக்கும் நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை, நாம் சொல்லிக்கொடுக்காத ஒன்று ஒரு படி ஏறியிருக்கும். மறிப்பைப் பழக்கினால் அதன் பங்காளியான தடுப்பும் சற்று ஒட்டிக்கொள்ளும். அது கணக்கில் சேர்ந்ததுதான். நான் சொல்வது அதை அல்ல. ஒட்டும் இல்லாமல் உறவும் இல்லாமல் எங்கிருந்தோ வருகிற படியைச் சொல்கிறேன்.

என் அணியில் லிதுவேனியன் ஒருவன். ஏழடி உயரம். சென்டரில் நிற்பவன். ஒன்றரை வருஷமாக அவனுக்கும் அவனைப் போன்ற வேறு இரண்டு பையன்களுக்கும் கூடையடி வேலையைத் தவிர வேறொன்றும் நான் பழக்கவில்லை. அப்படியிருக்கப் பந்தைக் கூட்டாளிக்குக் கொடுக்கும் திறமை அவனுக்கு மட்டும் ஒரு படி ஏறியது. சில மாதங்கள் கழித்து இன்னொரு படி. பயிற்சி வேறு, அவன் வேறு என்று ஆகிவிட்டது.

ஆட்டத்தை அமைத்தவர்கள் தாயத்தை உருட்டி இதைச் செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமலில்லை. ஆனால் அந்தத் தாயத்தைப் பொய் என்று தள்ள மனம் வரவில்லை. ஹக்கீம் ஒலாஜுவன் என்ற மகா ஆட்டக்காரர் 1963ல் நைஜீரியாவின் லாகோஸ் நகரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் ஆடியது ஹேண்ட்பால். கால்பந்தில் கோல் காத்தார். பதினைந்து வயதுக்குப் பிறகே கூடைப்பந்தைக் கையில் எடுத்தார். 1980ல் அமெரிக்காவுக்குப் போய், ஹூஸ்டன் அணிக்கு 1994லும் 1995லும் பட்டம் வாங்கிக் கொடுத்தார். எதிரி எறிந்த பந்தை அவர் தடுத்தது 3830 தடவை, என்.பி.ஏ. கணக்கில் அதுவே முதலிடம். அவ்வளவு பெரிய உடம்பில் அந்தக் கால் நடை எங்கிருந்து வந்தது என்று எல்லோரும் அதிசயப்பட்டார்கள். கோல் காத்த கால் அது. லாகோஸில் அவருக்குக் கோல் காக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஹூஸ்டனைக் கனவிலும் நினைத்திருக்கமாட்டார்.

அந்தோணி டேவிஸ் கதை வேறு மாதிரி. சிகாகோவில் பள்ளிப் பையனாக, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடும் சின்ன ஆளாக இருந்தார். இரண்டு வருஷத்துக்குள் அரையடிக்கு மேல் வளர்ந்துவிட்டார். குட்டையாக இருந்தபோது பழகிய கை, நெட்டையான பிறகும் கூடவே இருந்தது. 2012ல் என்.பி.ஏ. அணிகள் புதிய ஆட்களைத் தேர்ந்தெடுத்தபோது முதல் பெயர் அவருடையது. பண்டிதர்களும் இந்த விஷயத்தை விடவில்லை. 1894ல் அமெரிக்காவின் யேல் சர்வகலாசாலையில் ஸ்கிரிப்சர் என்பவரும் அவர் சகாக்களும் ஒரு கையை மட்டும் பழக்கிப் பார்த்தார்கள். பழக்காத கையும் வலுத்திருந்தது. 1901ல் தார்ண்டைக், உட்வொர்த் என்ற இருவர், ஒன்றைப் படித்தால் இன்னொன்றும் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டிருக்க வேண்டாம் என்று எச்சரித்தார்கள். இரண்டு கட்சியும் சரி என்றே எனக்குப் படுகிறது. வரும்; ஆனால் நாம் கேட்ட இடத்தில் வராது.

என் தங்கை மகன்தான் எனக்கு இந்த ஆட்டத்தைக் காட்டிக்கொடுத்த குரு. அவன் சர்க்கார் உத்தியோகப் பரீட்சைக்கு நாலு வருஷம் படித்தான். தேறவில்லை. இப்போது ஈரோட்டில் ஒரு பாங்கில் இருக்கிறான். அந்த நாலு வருஷத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் அவன் தகப்பனார் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்: “தண்டம்.” அதே நாலு வருஷத்தில் என் தங்கைக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. சாயங்காலம் புஸ்தகத்தை மூடிவிட்டு, பையன் அவளுக்கு நாவல் படித்துக் காட்டுவான். ஒரு நாள் நான் திண்ணையில் உட்கார்ந்து கேட்டேன். என் கதைதான். கிழவி பேசும் இடத்தில் கிழவியாகவும், அமீனா பேசும் இடத்தில் அமீனாவாகவும் படித்தான். நான் எழுதியதைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

போன மாதம் சென்னையிலுள்ள ஒலிப் புத்தகக் கம்பெனி ஒன்று அவனை முழுநேரமும் படிக்க வரச்சொல்லிக் கேட்டிருக்கிறது. பாங்குச் சம்பளத்தைவிடக் குறைவு. வீட்டில் புயல். அவன் என்னிடம் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. போன் பண்ணி என் லிதுவேனியனைப் பற்றித்தான் பேசினான்.

“அவனை வித்துடுங்க மாமா. இப்ப நல்ல விலை போகும்.”

“பந்து கொடுக்கிறதிலே நன்றாக ஏறியிருக்கானே?”

“சென்டருக்கு அது எதுக்கு? அதுக்குச் சம்பளப் பட்டியல்லகூடப் பெரிசா மதிப்பு கிடையாது. தானா வந்ததை நம்பித் திட்டத்தை மாத்தக் கூடாது மாமா.”

அவன் சொன்ன கணக்கு சரியானதுதான். ஒரு சென்டருக்குச் சம்பளம் நிர்ணயிக்கும்போது பந்து கொடுக்கும் திறமை பெரிதாகச் சேராது. சேராததனாலேயே அப்படிப்பட்ட ஆள் குறைந்த சம்பளத்துக்குக் கிடைத்த புதையல் என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் புதையலை எடுக்கச் செலவு உண்டு. வந்த திறமையை வளர்க்க வேண்டுமானால் அணி முழுமைக்கும் அந்த வாரப் பயிற்சியை மாற்றியாக வேண்டும். மற்ற இரண்டு பையன்களும் அந்த வாரம் சும்மா நிற்பார்கள். நெட்டையனைக் கொண்டுபோய்ப் பாயின்ட் கார்டு இடத்தில், ஒட்டகத்தை வாசற்படியில் நிறுத்துவது போல நிறுத்த வேண்டும்.

நிறுத்தினேன். ஒரு பயிற்சி ஆட்டத்தில் அவன் முழு நேரமும் அந்த இடத்தில் நின்றான். 31 புள்ளி வித்தியாசத்தில் தோற்றோம். வெள்ளிக்கிழமை பார்த்தேன். ஒரு படியும் ஏறவில்லை.

இரவு போன் வந்தது.

“என்ன மாமா, ஏறிச்சா?”

“இல்லை.”

“நான் சொன்னேன்ல?” என்றான். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, “அவங்ககிட்ட இன்னும் பதினஞ்சு நாள் டயம் கேட்டிருக்கேன்” என்றான்.

யாரிடம் என்று நான் கேட்கவில்லை. தங்கைக்கு இப்போது எந்த நாவல் படித்துக் காட்டுகிறாய் என்று மட்டும் கேட்டேன். சொன்னான். அடுத்த வாரத்துக்கும் அதே பயிற்சியை எழுதி வைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.