கணனி வாங்கப் போகும் சகோதரிக்கு

கணனி வாங்கக் கடைக்குப் போனால், "எவ்வளவு காசு வைச்சிருக்கிறீங்கள் அக்கா?" என்றுதான் முதலில் கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்ல முன்னர், அந்தக் கணனியில் நாம் என்ன வேலை செய்யப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நான் அதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்றேன்.

மீளக்குடியேறிய பின்னர், 2011 இல் மாதர் சங்கக் கடனில் வாங்கிய கணனியை வைத்துக் கிளிநொச்சியில் தட்டச்சு வேலை செய்து வருகிறேன். என் இரு பிள்ளைகளும் அந்த வருமானத்தில்தான் படித்தார்கள். காணிக் கடிதம், உதவிப்பண விண்ணப்பம், காணாமற்போன மகனைத் தேடும் தாயின் முறைப்பாடு என்று எத்தனையோ அதில் இருக்கின்றன. பலரிடம் தாங்கள் கொடுத்த கடிதத்தின் பிரதிகூட இல்லை. "2013 இல அடிச்சுத் தந்தனீங்கள் பிள்ளை, இன்னொருக்கா எடுத்துத் தாங்கோ" என்று வருவார்கள். எனவே பழைய கோப்புகள் திறக்க வேண்டும் என்பதே என் தாளின் முதல் வரி.

அவற்றில் பெரும்பாலானவை பேஜ்மேக்கரில், பாமினி எழுத்துருவில் அடித்தவை. பாமினி இல்லாத கணனியில் அந்தக் கடிதம் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். பேஜ்மேக்கரின் 7 ஆம் பதிப்பு 2001 இல் வந்தது. அதற்குப் பின் 8 ஆம் பதிப்பு வரவேயில்லை. ஆகையால் பழைய கணனி இயங்கும்போதே ஒவ்வொரு கோப்பையும் பீ.டி.எப். ஆக்கிச் சேமித்தேன். திருத்த வேண்டி வரக்கூடிய கடிதங்களை யூனிகோட்டுக்கு மாற்றினேன். மாற்றிய பின் பெயர்களையும் அடையாள அட்டை இலக்கங்களையும் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது அவசியம்.

அடுத்தது விண்டோஸ். விண்டோஸ் 10 க்கான வழமையான பாதுகாப்பு ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. மலிவாக விற்கும் பழைய அலுவலகக் கணனிகள் பல விண்டோஸ் 11 ஐ முறைப்படி ஏற்காது. அதற்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. இன்ரெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் 8 ஆம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருக்க வேண்டும். மைக்ரோசொப்டின் 'பிசி ஹெல்த் செக்' என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டால் உண்மை தெரிந்துவிடும்.

பிறகு நினைவகம், அதாவது ராம். விண்டோஸ் 11 க்கு ஆகக் குறைந்தது 4 ஜி.பி. வேண்டும். ஆனால் கடிதம், இணையம், ஸ்கேன் எல்லாம் ஒன்றாகத் திறந்தால் 4 திணறும். எங்கள் வேலைக்கு 8 போதும். படம், வீடியோ செய்பவர்களுக்கு 16 நல்லது. கடைத்தம்பி 16 எடுக்கச் சொன்னார். நான் 8 ஜி.பி. ராம் ஒன்றை மட்டும் போட்டு, மற்ற இடத்தை வெறுமையாக விடச் சொன்னேன். கையில் காசு வரும்போது அதே வகையில் இன்னொரு 8 போடலாம். இரண்டும் சேர்ந்தால் வேகமும் கூடும். டி.டி.ஆர். 3, 4, 5 ஆகியவை ஒன்றின் இடத்தில் மற்றொன்று பொருந்தாது. எனவே மதர்போர்ட் எந்த வகை, அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதைப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்தேன்.

பணம் கொடுக்க முன்னர், பென் டிரைவில் கொண்டுபோன என் கோப்புகளை அங்கேயே திறந்து பார்த்தேன். என் பிரிண்டரின் மாதிரி இலக்கத்தைக் கொடுத்து, அதற்கான மென்பொருள் விண்டோஸ் 11 க்கு உண்டா என்றும் பார்க்கச் செய்தேன். ஒரு மணித்தியாலம் சென்றது. கடைத்தம்பி சற்றுச் சலித்துக்கொண்டாலும் எல்லாவற்றையும் செய்து காட்டினார்.

சகோதரிகளே, கடன்பட்டு வாங்கும் பொருளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூச்சப்பட வேண்டாம். கணனி தெரிந்த ஆம்பிளை ஒருவர் கூட வரவேண்டும் என்றும் இல்லை. உங்கள் வேலையை உங்களைவிட நன்றாக அறிந்தவர் வேறு யார்? அதைத் தாளில் எழுதிக்கொண்டு, உங்கள் கோப்புகளோடு போங்கள்.