காத்து உள்ளே வரவும் வழி வேணும்

திருச்சி
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மீனாவுக்கு,

நீ போன்ல அனுப்பின படங்களைப் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தேன். பாத்ரூம் சீலிங் மூலையில பெயின்ட் உப்பி, பொரிஞ்சு நிக்குது. டைல்ஸ் இடுக்கு பூரா கறுப்புப் புள்ளி. "அண்ணா, எந்த கம்பெனி எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கலாம்?"னு ஒரே வரியில கேட்டிருக்க. போன்ல சொன்னா பாதியில யாழினி வந்து பிடுங்கிடுவா, நீயும் "சரி சரி"ன்னு வச்சிடுவ. அதான் உட்கார்ந்து எழுதுறேன். மாப்பிள்ளையும் படிக்கட்டும்.

முதல்ல அம்மாவைப் பத்திச் சொல்லிடுறேன். அம்மாவுக்கு இழுப்பு எப்பவும் கார்த்திகை, மார்கழியிலதான் கூடும். இந்தத் தடவை புரட்டாசியிலேயே ராத்திரி இருமுறாங்கன்னு நீ சொன்னதும் எனக்குச் சந்தேகம் வந்துச்சு. அந்தக் கறுப்புப் புள்ளி பூஞ்சணம்டா. அதோட தூள் காத்துல பறந்து மூச்சுக்குழாய்க்குள்ள போனா, இழுப்பு இருக்கிறவங்களுக்கு ஆகவே ஆகாது. அம்மா கட்டில் அந்தச் சுவரை ஒட்டித்தானே போட்டிருக்கு? இன்னைக்கே எதிர்ச் சுவருக்கு மாத்திடு. டாக்டர்கிட்ட போறப்போ பாத்ரூம்ல பூஞ்சணம் இருக்குன்னு மறக்காம சொல்லு. மாத்திரையை மட்டும் கூட்டிட்டே போறதுல பிரயோஜனம் இல்லை.

ஃபேன் வாங்குறதுக்கு முன்னாடி ஒரு சோதனை பண்ணு. பாத்ரூம் சுவர்ல, தண்ணி தெறிக்காத ஈரமான இடத்துல, ஒரு சாண் அளவு பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு இடைவெளி இல்லாம ஒட்டு. ரெண்டு நாள் விட்டுப் பாரு. தாளோட வெளிப்பக்கம் ஈரம் பூத்திருந்தா, அது குளிக்கிற ஆவி. ஃபேன் போட்டா தீரும். சுவரை ஒட்டின உள்பக்கம் முத்து முத்தா நின்னா, ஈரம் சுவருக்குள்ளிருந்து வருது. மேல் வீட்டு பாத்ரூமோ பைப்போ கசியுதுன்னு அர்த்தம். அப்படி இருந்தா எந்த ஃபேன் போட்டும் பிரயோஜனம் இல்லை, அசோசியேஷன்ல சொல்லி மேல் வீட்டைப் பார்க்கச் சொல்லணும். உன் படத்தைப் பார்த்தா ஆவிதான்னு எனக்குத் தோணுது. கறுப்பு எல்லாம் மேலே, காத்துப் படாத மூலையில இருக்கு. ஆனாலும் சோதனை பண்ணிடு.

இப்போ ஃபேன். உன் பாத்ரூம் அஞ்சுக்கு எட்டு, உயரம் ஒன்பது அடி. 360 கன அடி, அதாவது சுமார் 10 கன மீட்டர் காத்து. மணிக்குப் பத்து தடவை அந்தக் காத்து மொத்தமும் மாறினா தாராளம். அப்போ உனக்கு வேண்டியது மணிக்கு 100 கன மீட்டர். ஆறு இன்ச் ஃபேன் பெட்டியிலேயே பெரும்பாலும் 200-க்கு மேல போட்டிருப்பான். எதிர்ல ஒரு தடையும் இல்லாம ஓட்டிப் பார்த்து எழுதின கணக்கு அது. ஷட்டர், கொசு வலை எல்லாம் சேர்ந்தா குறையும். குறைஞ்சாலும் உனக்குப் போதும். கடைக்காரர் "பத்து இன்ச், பன்னெண்டு இன்ச் மெட்டல் பாடி எடுங்க மேடம், சூறாவளி மாதிரி இழுக்கும்"பார். அது ஹோட்டல் சமையல்கட்டுக்கு. உன் பாத்ரூம்ல மாட்டினா சத்தத்துல அம்மா ஸ்விட்சையே தொட மாட்டாங்க. ஓடாத ஃபேன் எவ்வளவு பெரிசா இருந்தா என்ன?

பிளாஸ்டிக் பாடி எடு, துரு பிடிக்காது. மோட்டார் காப்பர் வைண்டிங்கான்னு கேளு. பால் பேரிங் இருந்தா ஈரத்துல நாள்பட உழைக்கும். சத்தம் எத்தனை டெசிபல்னு போட்டிருந்தா, 40-க்குக் கீழே இருக்கிறதைப் பாரு. வெளிப்பக்கம் தானா திறந்து மூடுற ஷட்டர் கட்டாயம் வேணும். உங்க வென்டிலேட்டர் டக்ட்டைப் பார்த்துத்தானே இருக்கு? ஷட்டர் இல்லேன்னா கீழ் வீட்டு சிகரெட் புகையும் பக்கத்து வீட்டு நாத்தமும் உன் பாத்ரூமுக்குள்ள வரும். கடையிலேயே பெட்டியைப் பிரிச்சு ஷட்டர் பட்டைகளை விரலால தூக்கி விட்டுப் பாரு. லேசா எழும்பணும், விட்டதும் தன் எடைக்கே விழுந்து மூடணும். மாட்டுறப்போ பட்டைகள் படுக்கைவாட்டுல, கீல் மேல் பக்கம் இருக்கிற மாதிரி மாட்டணும். அவசரத்துல ஃபேனைப் பக்கவாட்டுல திருப்பி மாட்டுற ஆளுங்களைப் பார்த்திருக்கேன். அப்புறம் ஷட்டர் மூடவே மூடாது. கம்பெனி பேரு கேட்டியே, சர்வீஸ் சென்டர் உங்க பக்கத்துல இருக்கிற எந்த நல்ல கம்பெனியும் சரிதான்.

மீனா, ஃபேனைவிட முக்கியமானது ஒண்ணு இருக்கு. இதை ரெண்டு தடவை படி. உன் படத்துல பாத்ரூம் கதவுக்குக் கீழே ஒரு கறுப்பு ரப்பர் பட்டை தெரியுது. கரப்பான் வருதுன்னு ஒட்டியிருக்க, சரியா? கதவையும் சாத்தி, அந்த இடுக்கையும் அடைச்சு, உள்ளே ஃபேனைப் போட்டா, அது எந்தக் காத்தை வெளியே தள்ளும்? சின்ன வயசுல கோலி சோடா பாட்டில் வாயை முழுசாக் கவ்வி உறிஞ்சுவியே, கொஞ்சம் வரும், அப்புறம் உதடுதான் இழுபடும். அதேதான். காத்து வெளியே போகணும்னா அதே அளவு உள்ளே வரணும். ஆறு இன்ச் ஃபேனோட வாய் 28 சதுர இன்ச். 30 இன்ச் அகலக் கதவுக்குக் கீழே முக்கால் இன்ச் இடைவெளி விட்டா 22 சதுர இன்ச் கிடைக்கும். அது போதும். பட்டையை உரிச்சிடு. கரப்பான் பயம் இருந்தா கதவோட அடிப்பக்கத்துல ஒரு கிரில் வச்சு, உள்ளே வலை அடிச்சுக்கலாம். வலையில நூலும் முடியும் அடையும், அப்பப்போ துடைக்கணும்.

வழி இருந்தா மட்டும் போதாது, அது சரியான இடத்துலயும் இருக்கணும். உங்க வென்டிலேட்டர்ல கண்ணாடிப் பட்டை வரிசையா இருக்கு. ரெண்டு பட்டையைக் கழட்டி அந்த இடத்துல ஃபேனை வச்சுட்டு, மிச்சப் பட்டைகளை அப்படியே திறந்து விடுறதுதான் எல்லா வீட்டுலயும் நடக்குது. ஃபேன் பக்கத்து இடுக்குலேருந்தே காத்தை இழுத்து, திரும்ப அதே டக்ட்டுல தள்ளிட்டு இருக்கும். சத்தம் வரும், வேலை நடக்குதுன்னு நாமும் நம்பிடுவோம். கீழே குளிக்கிற இடத்துல ஈரம் அசையாம நிக்கும். மிச்சத்தை மூடிடணும். அலுமினியம் வேலை பார்க்கிறவரைக் கூப்பிட்டு, முழு சட்டத்துக்கும் ஏசிபி ஷீட் போட்டு, நடுவுல ஃபேனுக்கு மட்டும் வட்டம் வெட்டச் சொல்லு. வெட்டுற அளவு ஃபேன் பெட்டிக்குள்ள இருக்கிற தாள்ல இருக்கும், ஆறு இன்ச்னு வாயால சொல்லி வெட்ட விடாதே. டக்ட் பக்கம் புறா வலை போடச் சொல்லு, ஃபேனை நிறுத்தி வச்ச ஒரு வாரத்துல கூடு கட்டிடும். மாட்டி முடிச்சதும் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கதவுக்குக் கீழே பிடி. புகை தரையோட உள்ளே ஓடி, ஷவர் பக்கமாக் கடந்து, மேலே ஏறி ஃபேனுக்குப் போகணும். அப்படிப் போச்சுன்னா ஆளுக்குக் காசு கொடு.

கேஸ் கீசர் விஷயத்துக்கு வர்றேன். அம்மாவுக்குச் சுடுதண்ணி சட்டுனு வரணும்னு மாப்பிள்ளை பாத்ரூமுக்குள்ளேயே கேஸ் கீசர் மாட்டப் பார்க்கிறார், "எக்ஸாஸ்ட் ஃபேன்தான் வருதே, புகை போயிடும்"ங்கிறார்னு சொன்னியே, அதைக் கேட்டதுலேருந்து எனக்கு மனசே சரியில்லை. கோபமா எழுதுறேன்னு அவர் நினைச்சுக்க வேண்டாம். பயத்துல எழுதுறேன்.

கேஸ் எரியறதுக்கு அந்தச் சின்ன அறையில இருக்கிற ஆக்சிஜன்தான் செலவாகும். அது குறையக் குறைய கேஸ் சரியா எரியாம கார்பன் மோனாக்சைடு வரும். நிறம் கிடையாது, வாசனை கிடையாது. ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல இறுக்கமா ரத்தத்துல போய் ஒட்டிக்கும். லேசாத் தலை வலிக்கும், கிறுகிறுக்கும், குமட்டும். வயசானவங்க பிரஷர்னு நினைச்சுச் சுவரைப் பிடிச்சுட்டு நிப்பாங்க. அடுத்த நிமிஷம் எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக் கை வராது. குளிக்கப் போனவங்க வெளியே வராம, கதவை உடைச்சுப் பார்த்த செய்தி வருஷா வருஷம் குளிர்காலத்துல வருது. ஃபேன் காப்பாத்தும்னு நினைக்கிறதும் தப்பு. காத்து வர வழி இல்லாத அறையில ஃபேன் இழுத்தா, கீசரோட புகைக்குழாய் வழியா வெளியே போக வேண்டியதையே திரும்ப உள்ளே இழுத்துடும். கேஸ் கசிஞ்சாலும் அதே கதைதான். எல்.பி.ஜி. காத்தைவிடக் கனம், தரையில தேங்கும். மேலே இருக்கிற ஃபேன் அதை எடுக்காது. அந்த நேரத்துல ஃபேன் ஸ்விட்சைப் போட்டா வர்ற பொறியே போதும் பத்திக்க. கேஸ் வாசனை வந்தா எந்த ஸ்விட்சையும் தொடாம, சிலிண்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு வெளியே வரணும். யாழினிக்கும் சொல்லிக் கொடு.

அதனால கேஸ் கீசர் வேண்டாம். 15 லிட்டர் கரண்ட் கீசர் வாங்கு. நம்ம ஊர்த் தண்ணியை ஒரு 25 டிகிரி சூடாக்க அரை யூனிட்கூட ஆகாது. 2,000 வாட் கீசர்னா கால் மணி நேரம். அந்தத் தண்ணியைப் பச்சைத் தண்ணியோட விளாவினா அம்மாவுக்கு ஒரு குளியலுக்குத் தாராளம். கீசருக்குத் தனி லைன், 15 ஆம்ப் பிளக். ஃபேன் லைனை அதுல கோர்க்க விடாதே.

வயரிங் எலக்ட்ரீஷியன் பார்த்துப்பார், நீ மூணு விஷயத்துல மட்டும் கண் வை. ஃபேன் ஸ்விட்ச் பாத்ரூமுக்கு வெளியே, சிவப்பு இண்டிகேட்டரோட இருக்கணும். ஈரக்கையால அம்மா தொடக்கூடாது. வயரை முறுக்கி டேப் சுத்தி வென்டிலேட்டர் மேல விட்டுட்டுப் போவாங்க, ஒத்துக்காதே. ஜாயின்ட் மூடின பெட்டிக்குள்ள கனெக்டர் போட்டு இருக்கணும், எர்த்தும் வரணும். அப்புறம், உங்க மெயின் போர்டுல 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி., அதாவது கரண்ட் கசிஞ்சா தானா விழுற ஸ்விட்ச், இருக்கான்னு பார்க்கச் சொல்லு. இருந்தா அதுல இருக்கிற டெஸ்ட் பட்டனை அமுக்கு. டக்னு விழணும். விழலேன்னா மாத்திட்டுத்தான் மத்த வேலை. பில்டர் போட்டுக் கொடுத்ததுன்னு நம்பிட்டு இருக்காதே.

லைட்டோட சேர்த்து ஒரே ஸ்விட்ச்ல போட்டுடலாம்னு சொல்வாங்க. வேண்டாம்டா. அம்மா வெளியே வந்ததும் லைட்டை அணைப்பாங்க, ஃபேனும் நின்னுடும். குளிச்சு முடிச்ச பிறகுதான் அதுக்கு நிஜமான வேலையே. இருபது நிமிஷமாவது ஓடணும், தரை உலர்ற வரைக்கும். ஈரத் தரையில அம்மா வழுக்கிடுவாங்களோங்கிற பயமும் எனக்கு இருக்கு. "கரண்ட் வீணாப் போகுது"ன்னு அம்மா கிளம்பி வந்து அணைச்சா, கணக்கு சொல்லு. 25 வாட் ஃபேன் தினம் ரெண்டு மணி நேரம் ஓடினாலும் ரெண்டு மாச பில்லுக்கு மூணு யூனிட். அவங்களுக்குக் கணக்கு சொன்னாக் கேப்பாங்க, அப்பா கடைக் கணக்கெல்லாம் பார்த்தவங்களாச்சே. அப்படியும் நம்பிக்கை இல்லேன்னா, தானா நிக்கிற டைமர் ஸ்விட்ச் ஒண்ணு போட்டுடலாம்.

சுவர்ல இருக்கிற கறுப்பை நீயே உலர்ந்த துணியால தேய்க்க உட்காராதே, தூள் பறக்கும். நான் வந்து பார்த்துச் சொல்றேன். அம்மா அதுவரைக்கும் ஹால் பாத்ரூம்லயே குளிக்கட்டும். நீ எதுக்கெடுத்தாலும் "பார்த்துக்கலாம்ணா"ன்னு சொல்றவ, அதான் இவ்வளவு நீட்டி எழுதுறேன். கோவிச்சுக்காதே. அங்க அம்மாவைப் பார்த்துக்கிறது நீ, இங்க உட்கார்ந்து கவலைப்படுறது மட்டும்தான் என்னால முடியுது.

சனிக்கிழமை காலையில பல்லவன்ல ஏறினா மதியத்துக்குள்ள தாம்பரம். டிரில் மிஷினும் டெஸ்டரும் எடுத்துட்டு வர்றேன். நீ வென்டிலேட்டர் சட்டத்தோட நீளம், அகலம், ஆழம் மூணையும் அளந்து அனுப்பு. ஆழம் முக்கியம், மோட்டார் பின்னாடி டக்ட் பக்கம் எவ்வளவு துருத்தும்னு அதை வச்சுத்தான் தெரியும். அலுமினியம் ஆளைச் சனிக்கிழமை சாயங்காலம் வரச் சொல்லி வை. கேஸ் கீசருக்கு மாப்பிள்ளை அட்வான்ஸ் எதுவும் கொடுத்திருந்தா, உடனே திருப்பிக் கேட்கச் சொல்லு. கடைக்காரர் முகம் சுளிச்சா நான் பேசிக்கிறேன்.

யாழினிக்கு முத்தம்.

அன்புடன்
உன் அண்ணன்