முப்பத்தாறாவது ஆள்

பி.காம். படித்தவனுக்கு ஒரு வியாதி உண்டு. தாஜ்மகாலைக் காட்டினால்கூட, ‘மொத்தம் எவ்வளவு ஆகியிருக்கும்?’ என்றுதான் கேட்பான். ஆகவே எவரெஸ்ட் சிகரத்தின் மீதும் நான் செலவுக் கணக்கு வழியாகத்தான் ஏறப்போகிறேன். பயப்படாதீர்கள், உச்சி வரைக்கும் கூட்டிக்கொண்டு போய்விடுகிறேன். (நான் நேரில் போனதில்லை. போவதாகவும் இல்லை. மூன்றாவது மாடி ஆபீசுக்கே லிஃப்ட் தேடுகிற ஆசாமி.)

1975-ல் ஜப்பானிலிருந்து பதினைந்து பெண்கள் எவரெஸ்ட்டுக்குக் கிளம்பினார்கள். ராஜகுமாரிகள் இல்லை சார். டீச்சர், கம்ப்யூட்டர் புரோகிராமர் என்று நம்மைப் போல மாதச் சம்பளத்துக்கு உழைக்கிற ரகம். தலைவி எய்கோ ஹிசானோ. குழுவில் இரண்டு பேர் குழந்தை பெற்றவர்கள். அதில் ஒருத்தர்தான் நம் கதாநாயகி, ஜுன்கோ தபெய். வயது 35. உயரம் சுமார் ஐந்தடி. பஸ்ஸில் மேல் கம்பி எட்டாது. எட்டியது எவரெஸ்ட்!

ஃபுகுஷிமா மாநிலத்தில் மிஹாரு என்கிற சின்ன ஊரில் 1939-ல் பிறந்தவர். ‘நோஞ்சான்’ என்று பெயர் எடுத்த குழந்தை. பத்து வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து நாசு மலைக்கு அழைத்துப் போனார்கள். பிடித்துக்கொண்டது பித்து. ஆனால் மலையேற்றம் காசு பிடிக்கிற சமாசாரம். வீட்டில் அவ்வளவு வசதி இல்லை. ஆசையைப் பத்திரமாக மடித்து வைத்துக்கொண்டு ஆங்கில இலக்கியம் படித்தார். பிறகு பௌதிகப் பத்திரிகை ஒன்றில் எடிட்டர் வேலை.

சம்பளம் வந்ததும் மலையேற்ற சங்கங்களில் சேர்ந்தார். அங்கே ஆம்பிளைகள் சிலர், ‘உன்னோடு ஏற மாட்டோம்’ என்றார்கள். இன்னும் சிலர், மாப்பிள்ளை தேடத்தான் வருகிறாள் என்று கிசுகிசுத்தார்கள். (கடைசியில் மலையேறுகிற ஒருவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டார். அது வேறு விஷயம்!) தபெய் சண்டை போடவில்லை. 1969-ல் பெண்களுக்கென்றே ஒரு மலையேற்ற சங்கம் ஆரம்பித்தார். அடுத்த வருஷமே அன்னபூர்ணா மூன்று என்கிற 7,555 மீட்டர் சிகரத்தின் மேல் நின்றார்.

அதற்கப்புறம் எவரெஸ்ட்டுக்கு 1971-ல் மனுப் போட்டார்கள். நாலு வருஷம் கழித்துத்தான் முறை வந்தது. ஒரு காலத்தில் டெலிபோன் கனெக்‌ஷனுக்கு வருஷக்கணக்கில் காத்திருந்த நமக்கு இந்த வேதனை புரியும்.

இப்போது செலவுப் பக்கம் வருவோம்.

கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார்கள். ‘பெண்கள் வீட்டில் குழந்தைகளை வளர்க்க வேண்டியதுதானே?’ என்பதுதான் பல இடங்களில் கிடைத்த பதில். கடைசி நேரத்தில் யோமியுரி செய்தித்தாளும் நிப்பான் டெலிவிஷனும் கை கொடுத்தன. அப்படியும் ஒவ்வொரு பெண்ணும் தன் பையிலிருந்து போட வேண்டிய தொகை, கிட்டத்தட்ட ஒரு வருஷச் சம்பளம்! பி.எஃப். லோனுக்கு எத்தனையோ காரணம் எழுதலாம். ‘எவரெஸ்ட் போக’ என்று எழுதிப் பாருங்கள், மேனேஜர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

தபெய் பியானோ சொல்லிக்கொடுத்துக் காசு சேர்த்தார். மிச்சத்தைத் தையல் மெஷின் பார்த்துக்கொண்டது. கார் கவரை வெட்டி, தண்ணீர் புகாத கையுறை. பழைய ஜன்னல் திரைச்சீலையில் கால்சட்டை. சீனாவிலிருந்து வாத்து இறகு வாங்கி, சொந்தமாகத் தைத்த ஸ்லீப்பிங் பேக். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பிரிக்காத ஜாம் பாக்கெட்டுகளைச் சேர்த்து வைத்து, டீச்சரம்மாவுக்கு வழிச் சாப்பாடாகக் கொடுத்தார்களாம். உலகத்தின் உச்சிக்குக் கட்டிய டிபன் பாக்ஸ் அது.

சரி, மலைக்கு வாருங்கள்.

நேபாளத்துக்காரர்கள் சாகர்மாதா என்பார்கள். திபெத்தில் சோமோலுங்மா. உயரம் 8,848 மீட்டர் சொச்சம். பேஸ் கேம்ப்பே 5,300 மீட்டருக்கு மேல். அங்கிருந்து கிளம்பினால் முதல் கண்டம் கும்பு பனிவீழ்ச்சி. வீடு வீடாகப் பனிப் பாளங்கள் சரிந்து கிடக்கும் இடம். கிடக்கும் என்றா சொன்னேன்? நகர்ந்துகொண்டே இருக்கும். நேற்று வைத்த ஏணி இன்றைக்கு அதே இடத்தில் இருக்கும் என்று சொல்ல முடியாது. பாதாளப் பிளவுகளின் மேல் அலுமினிய ஏணியைப் படுக்கப் போட்டு, கம்பி மேல் நடக்கிற சர்க்கஸ்காரி மாதிரி தாண்ட வேண்டும்.

அதைத் தாண்டினால் வெஸ்டர்ன் கூம் என்கிற பனிப் பள்ளத்தாக்கு. மூன்று பக்கமும் வெள்ளைச் சுவர். பகலில் வெயில் பனியில் பட்டுத் திரும்பி ஆளை வறுக்கும். ராத்திரி உறைய வைக்கும். இங்கே 6,300 மீட்டரில் இரண்டாவது முகாம்.

மே 4. தூங்கிக்கொண்டிருந்த முகாமின் மேல் பனிச்சரிவு வந்து விழுந்தது. தபெய் இருந்த கூடாரத்தில் மொத்தம் ஐந்து பெண்கள். அப்படியே புதைந்தார்கள். தபெய்க்கு நினைவு போய்விட்டது. சுமார் ஆறு நிமிஷம். ஷெர்பா தோண்டி வெளியே இழுத்துப் போட்டதால் பிழைத்தார். ஊரில் சின்னஞ்சிறு மகள் காத்திருக்கிறாள். உடம்பெல்லாம் ரத்தக்கட்டு. நடக்கக்கூட முடியவில்லை. நாமாக இருந்தால் அங்கேயே மெடிக்கல் லீவு லெட்டர் எழுதியிருப்போம்.

நல்லவேளை, யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. தபெய் இரண்டு நாள் படுத்தார். எழுந்தார். மேலே பார்த்து நடந்தார்.

இங்கேதான் கதையின் கொடுமையான இடம். இரண்டு பெண்களை உச்சிக்கு அனுப்புவதாகத் திட்டம். ஆனால் ஷெர்பாக்கள் பலருக்கு மலை நோய் கண்டுவிட்டதால், இரண்டு பேருக்குத் தேவையான ஆக்சிஜன் சிலிண்டர்களை மேலே சுமக்க ஆள் இல்லை. ஒரே ஒருத்திதான் போகலாம். பதினைந்து பேர் நாலு வருஷம் காத்திருந்து, ஒரு வருஷச் சம்பளத்தைப் போட்டு வந்த இடத்தில், சீட்டு ஒன்றுதான்! ஹிசானோ தபெய் பெயரைச் சொன்னார். ஒரு புரமோஷனுக்கு நம் செக்‌ஷனில் நடக்கும் மகாபாரதம் ஞாபகம் வருகிறதா?

கூடப் போனவர் ஆங் செரிங் என்கிற ஷெர்பா. சவுத் கோல் கணவாய் தாண்டி, காற்றின் அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துபோன உயரம். உச்சிக்குக் கொஞ்சம் கீழே கத்தி முனை மாதிரி ஒரு பனி விளிம்பு குறுக்கே நின்றது. ஒரு பக்கம் நேபாளம், மறுபக்கம் சீனா, எந்தப் பக்கம் விழுந்தாலும் கிலோமீட்டர் கணக்கில் பாதாளம். முன்னால் ஏறியவர்கள் எழுதியதை எல்லாம் கரைத்துக் குடித்தவர் தபெய். ஒருத்தர்கூட இதைப் பற்றி மூச்சு விடவில்லையே என்று அந்த உயரத்திலும் கோபம் வந்ததாம்! பக்கவாட்டில் தவழ்ந்து தவழ்ந்து கடந்தார்.

1975 மே 16. எவரெஸ்ட் உச்சியில் முதல் பெண். பதினொரு நாள் கழித்து, மறுபுறத்து திபெத் வழியாகப் பாந்தோக் என்கிற திபெத்தியப் பெண்ணும் ஏறினார்.

அத்தோடு வீட்டுக்குப் போய் மெடலைத் துடைத்துக்கொண்டிருந்தாரா என்றால், இல்லை. 1992-ல் ஏழு கண்டங்களின் உச்சிகளையும் தொட்ட முதல் பெண் ஆனார். பெரிய கம்பெனிகளின் பணத்தை நம்பாமல் மேடைப் பேச்சு, வழிகாட்டி வேலை, குழந்தைகளுக்கு ட்யூஷன் என்று சம்பாதித்துத்தான் பெரும்பாலும் ஏறினார். அறுபது வயதில் மறுபடி காலேஜ்! எவரெஸ்ட்டில் மலையேறிகள் போட்டுவிட்டு வரும் குப்பையை ஆராய்ந்து, 2000-ல் க்யூஷு பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம். ஊர் பெருமைக்கு ஏறலாம், ஆனால் காலி சிலிண்டரை யார் இறக்குவது என்று கேட்டவர் அவர்.

2012-ல் புற்றுநோய். அப்போதும் மலையை விடவில்லை. 2011 பூகம்பத்தில் பாதிக்கப்பட்ட தோஹோகு பகுதிப் பள்ளிப் பிள்ளைகளை ஃபுஜி மலைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். 2016 ஜூலையிலும் அவர்களோடு கிளம்பினார். இந்த முறை அவரால் உச்சி வரை போக முடியவில்லை. அதே வருஷம் அக்டோபர் 20-ல் காலமானார். வயது 77.

‘எவரெஸ்ட் ஏறிய முதல் பெண்’ என்று உலகமே சொன்னபோது, ‘எவரெஸ்ட் ஏறிய முப்பத்தாறாவது ஆள்’ என்று சொல்லப்படுவதையே அவர் விரும்பினார். இதைத் தன்னடக்கம் என்பார்கள். கணக்குப் படித்தவனுக்கு வேறு மாதிரி தோன்றுகிறது. பெண்களுக்கென்று தனிப் பேரேடு போட்டு, அதில் முதல் வரியாக எழுதாதீர்கள். ஹிலாரியையும் டென்சிங்கையும் எழுதிய அதே பேரேட்டில், வரிசைப்படி எழுதுங்கள் என்கிறார். அப்படி எழுதினால், ‘முதல் பெண்’ தலைப்பில் காணாமல் போகிற ஆங் செரிங்குக்கும் பக்கத்திலேயே ஒரு வரி விழுந்துவிடும்.

அந்தப் பேரேட்டில் கையுறை எந்தக் கம்பெனி என்று கேட்க ஒரு காலம் கிடையாது. கார் கவர் என்று எழுத வேண்டிய அவசியம் வரவில்லை!