லாக்புக்கும் கொஞ்சம் நிஜமும்

ஆணி பிடுங்குறதுக்கு நடுவுல ஒரு சின்னப் பதிவு. மருத்துவப் படிப்பு சமாச்சாரம்தான், ஆனா நம்மள மாதிரி பொட்டி தட்டுறவங்களுக்கும் இதுல வேலை இருக்கு.

நம்ம நாட்டுல 2019-ல் எம்.பி.பி.எஸ். சேர்ந்தவங்கள்ல இருந்து புதுப் பாடத்திட்டம். என்ன படிச்சாங்கங்கிறதோட, என்ன செய்யத் தெரியும்னும் பார்க்கணுமாம். அதுக்குத்தான் லாக்புக். நல்ல யோசனை. நடைமுறை? மூணாவது வருஷம் படிக்கிற அக்கா பொண்ணு சொல்றா: "மாமா, போஸ்டிங் முடியுற கடைசி ரெண்டு நாள்ல உக்காந்து எழுதுவோம். ஒருத்தி எழுதினதைப் பார்த்து பத்து பேர்!" சொல்லிட்டு சிரிக்கிறா.

எனக்குச் சிரிப்பு வரலை. நோட்டுல இருக்கிற நோயாளியை நிஜத்துல பார்க்கவே இல்லைன்னா, முதல்முதலா பார்க்கப் போறது ராத்திரி ரெண்டு மணிக்கு, தனியா டூட்டியில இருக்கும்போது. அந்த நோயாளி நானாவும் இருக்கலாம், நீங்களாவும் இருக்கலாம்.

இந்தத் தலைவலி அமெரிக்காவுலயும் உண்டு. அங்க மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தர்ற எல்.சி.எம்.இ., மாணவர்கள் எந்தெந்த வகை நோயாளிகளைப் பார்த்தாகணும்னு கல்லூரியே வரையறுக்கணும், பார்த்தாங்களான்னு கண்காணிக்கவும் செய்யணும்னு கேக்குது. இதுக்கு நாஷ்வில்ல இருக்கிற வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்துல ஜோஷுவா டென்னியும் அவர் குழுவும் ஒரு வழி செஞ்சாங்க. 2009-ல் ஆய்வுக் கட்டுரையாவும் வந்துச்சு. விஷயம் ரொம்ப எளிமை. நோயாளியைப் பார்த்ததும் மாணவர் எப்படியும் ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல குறிப்பு எழுதுறார். அப்புறம் எதுக்கு இன்னொரு நோட்டு? அந்தக் குறிப்பையே மென்பொருள் படிச்சு, இவர் இன்னின்னதைப் பார்த்திருக்கார்னு கணக்கு வச்சுக்கட்டும்.

கேக்க சுலபம். ஆனா "நெஞ்சுவலி இல்லை"ன்னு எழுதியிருந்தா? வெறும் வார்த்தையைத் தேடுற நிரல், நெஞ்சுவலி கேஸ் பார்த்தாச்சுன்னு டிக் அடிச்சிடும். "அப்பாவுக்கு சர்க்கரை"ன்னா வியாதி வீட்டுல இருக்கிற அப்பாவுக்கு, கட்டில்ல படுத்திருக்கிறவருக்கு இல்லை. போதாததுக்கு ஒரே வியாதிக்கு டாக்டர்கள் நாலு பேர் வச்சிருப்பாங்க, அதுல பாதி சுருக்கெழுத்து :-) அதனால யூ.எம்.எல்.எஸ். என்கிற பெரிய மருத்துவச் சொல் தொகுப்போட ஒப்பிட்டு, அந்தச் சொல் குறிப்போட எந்தப் பகுதியில வருது, 'இல்லை'ன்னு மறுத்திருக்காங்களான்னு எல்லாம் பார்க்க வேண்டியிருந்துச்சு.

இதுல எனக்குப் பிடிச்சதே டிக் அடிக்கிறது இல்லை, அடிக்காம விட்டுப்போன கட்டம்தான். போஸ்டிங் பாதியில இருக்கும்போதே "இவ இன்னும் ஒரு வலிப்பு கேஸ்கூட பார்க்கலையே"ன்னு வாத்தியாருக்குத் தெரிஞ்சா, அடுத்து வர்ற கேஸுக்கு அவளைக் கூப்பிடலாம். கடைசி நாள்ல நிரப்புற லாக்புக்கால இது முடியாது. அது போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்.

கம்ப்யூட்டர் வந்தா எல்லாம் சரியாயிடும்னு சொல்ல வரலை. நேத்து எழுதின குறிப்பை இன்னைக்கு வெட்டி ஒட்டினா, இயந்திரமும் நம்பித் தொலைக்கும். கூட்டத்துல கடைசியா நின்னு எட்டிப் பார்த்தவளும், வயித்தை அமுக்கிப் பார்த்தவளும் கணக்குல ஒண்ணாத் தெரியலாம். எண்ணிக்கை இயந்திரத்தோட வேலை. "என்னம்மா பார்த்தே, சொல்லு"ன்னு கேக்கிறது வாத்தியாரோட வேலை.

நம்ம ஊர்ல நிறைய ஆஸ்பத்திரியில கேஸ் ஷீட் இன்னும் காகிதம்தான். ஆனா அன்னன்னைக்குப் பார்த்ததை அன்னன்னைக்கே எழுதி, பாதியிலேயே ஒரு தடவை வாத்தியார்கிட்ட காட்ட கம்ப்யூட்டர் எதுக்கு? வெள்ளைக் கோட்டு போட்ட பதிவர்கள் யாராச்சும் உங்க அனுபவத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க.

டிஸ்கி: கணக்குக்கு வியாதி தெரிஞ்சா போதும். நோயாளி பேரும் வார்டு நம்பரும் லாக்புக்குக்கு எதுக்குங்க?