தொடர்பு கிடைக்காதவர்கள்

2017இல், நாங்கள் பள்ளியை விட்டு 25 ஆண்டுகள் நிறைந்ததற்காக எங்கள் பேட்ச் ஒரு வெள்ளி விழா மலர் போட்டது. பெங்களூரில் விடுதியோடு நடக்கும் பழைய பள்ளி. பெயர் வேண்டாம், பள்ளியின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மலரைத் தொகுத்தவன் நான். யார் எங்கே இருக்கிறார்கள், என்ன வேலை, குடும்பம் எப்படி என்று ஒவ்வொருவரிடமும் எழுதி வாங்கி, திருத்தி, படத்தோடு அச்சுக்குக் கொடுத்தேன். கடைசிப் பக்கத்தில் ‘தொடர்பு கிடைக்காதவர்கள்’ என்று ஒரு பட்டியல் போட்டேன். அதில் ஒரு பெயர் தெரிந்தே சேர்த்த பொய். அவனுடைய கடிதம் அப்போது என் மேசை இழுப்பறையில் இருந்தது.

விடுதியில் துணி மாறிப்போகாமலிருக்கச் சட்டைக் காலரின் உள்பக்கம் சிவப்பு நூலால் எண் தைத்திருப்பார்கள். எனக்கு 61, அவனுக்கு 62. எண் வரிசைப்படிதான் கட்டில் என்பதால் பள்ளி முடியும்வரை பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அவன் கோலார் தங்கவயல்காரன். அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கி வேலை பார்த்தவர். பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போகிற சுரங்கம் அது. மகன் உதவித்தொகையில் படித்தான். ராத்திரி ஸ்டடி அவரில் எனக்கு ஜியோமெட்ரி மண்டையில் ஏறியது அவனால்தான். 1991 டிசம்பரில் காவிரிக் கலவரம் வந்து, ஊரில் தமிழர்களைத் தேடி அடித்த நாட்களில், எங்களை வாசல் தாண்ட விடவில்லை. தர்மபுரியிலிருந்து அப்பாவால் வர முடியவில்லை. நான் போர்வைக்குள் அழுதது அவனுக்குக் கேட்டிருக்க வேண்டும். எழுந்து தன் கட்டிலை இழுத்து என் கட்டிலோடு ஒட்டிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டான். வார்டன் காலையில் திட்டியபோது, கொசுவலை போதவில்லை சார் என்றான்.

மலருக்கு மற்றவர்கள் அனுப்பியதெல்லாம் மின்னஞ்சல். ஆங்கிலத்தில் பத்து வரி: பதவி, நிறுவனம், இரண்டு குழந்தைகள், சான் ஹோசேயில் வீடு. இவன் மட்டும் கோடு போட்ட தாளில், தமிழில், நான்கு பக்கம் தபாலில் அனுப்பியிருந்தான். 2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடியதிலிருந்து தொடங்கியிருந்தான். நூற்றிருபது வருஷம் தங்கம் தோண்டிய இடம் ஒரே நாளில் நின்றது. அப்பாவுக்குக் கொஞ்சம் பணமும், நுரையீரலில் கல்தூசியும் மிஞ்சின. இருமி இருமியே போய்ச் சேர்ந்தார். இவன் பி.எஸ்சி.யைப் பாதியில் விட்டவன், ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் செய்வதைச் செய்தான். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறி பெங்களூர் வந்து வேலை பார்த்துவிட்டுத் திரும்பினான். ஒயிட்ஃபீல்டில் ஒரு ஐடி வளாகத்தின் கேட்டில் செக்யூரிட்டி.

அழுகுரல் எங்குமே இல்லை அதில். ரயிலில் தினமும் ஒரே பெட்டி, ஒரே கூட்டம், பெட்டிக்குள்ளேயே நடக்கும் சீட்டு, பங்காருப்பேட்டையில் ஏறுகிற டீக்காரர் என்று எழுதிக்கொண்டே போயிருந்தான். காற்றடிக்கிற நாளில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி சோற்றில் விழும், அதனால் அம்மா கதவைச் சாத்திவிட்டுத்தான் இலை போடுவாள் என்று எழுதியிருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறானாம், அதில் ஒரு பெண் இன்ஜினியரிங் சேர்ந்துவிட்டாளாம். ‘உனக்கு வராத அதே தேற்றம்தான் இவங்களுக்கும் வரலை’ என்று ஒரு வரி. எனக்கு வந்து சேர்ந்த அத்தனையிலும் வாழ்ந்த வாழ்க்கை என்று சொல்லத்தக்கது அந்த நான்கு பக்கம்தான். படித்த இரவே எனக்கு அது தெரிந்தது.

தெரிந்தும் ஏன் மறைத்தேன் என்று சொல்ல வேண்டும். மலர் ஆங்கிலத்தில் வருகிறது, மொழிபெயர்க்க நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. அந்த வருஷம் ஐடி நிறுவனங்களில் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்தது. என் பெயரும் பட்டியலில் இருப்பதாகக் காதில் விழுந்திருந்தது. பேட்ச்சில் நாலைந்து பேர் பெரிய இடத்தில் இருந்தார்கள், மலருக்கு விளம்பரம் கொடுத்ததும் அவர்கள்தான். அவர்கள் கையில் போய்ச் சேரும் புத்தகம் பளபளவென்று இருக்க வேண்டும், அதைச் செய்தவன் நான் என்று அவர்கள் நினைவில் வைக்க வேண்டும். வேலை கேட்கப் போகிறவனுக்கு கேட் காவலாளியின் நெருங்கிய நண்பன் என்ற அடையாளம் வேண்டாம் என்று நினைத்தேன். நினைத்தது அப்படியே இந்தச் சொற்களில்தான்.

பெரிய பெயர்களைக் காட்டிப் பள்ளியை அளக்கும் இந்தப் புத்திக்குப் பெங்களூரில் ஒரு பின்னணி உண்டு. 1865இல் தொடங்கிய பிஷப் காட்டன் பள்ளி என்றால் அங்கே படித்த ராணுவத் தளபதி ஜெனரல் திம்மய்யா, அணு விஞ்ஞானி ராஜா ராமண்ணா என்று இந்த ஊரில் யாரும் சொல்வார்கள். பெருமைப்பட வேண்டிய பெயர்கள்தான். நானும் எங்கள் பேட்ச்சில் அப்படிப்பட்ட பெயர்களையே தேடினேன். ஆனால் தேடச் சொல்லி யாரும் என்னிடம் கேட்கவில்லை.

விழாவில் ஹூப்ளிக்காரன் ஒருவன், இன்று மருத்துவன், பட்டியலைப் பார்த்துவிட்டு, “62 எங்கே போனான்? உன் பக்கத்துக் கட்டில்தானே?” என்று கேட்டான். “எங்கே இருக்கானோ” என்றேன். யாரோ மலரைப் போனில் படமெடுத்து அனுப்ப, அது சுற்றிச் சுற்றித் தங்கவயலுக்கும் போனது. அவன் கூப்பிட்டான். “இன்னாடா, என் லெட்டர் வந்து சேர்லியா?” தபாலில் தொலைந்திருக்கும் என்றேன். “அதான பார்த்தேன்” என்று சொல்லிவிட்டு, அடுத்த வாரமே முழுவதையும் மறுபடி எழுதி அனுப்பிவிட்டான். இந்த முறை ரெஜிஸ்டர் போஸ்ட். நான் கையெழுத்துப் போட்டு வாங்கி, முதல் கடிதத்தோடு சேர்த்து வைத்தேன்.

இதோடு நின்றிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேனோ என்னவோ. 2020 மார்ச் கடைசியில் கொரோனா ஊரடங்கில் பயணிகள் ரயில்கள் நாடெங்கும் நின்றன. மாரிக்குப்பம் ரயில் நின்றால் தங்கவயலில் எத்தனை வீட்டில் அடுப்பு நிற்கும் என்பது அவன் கடிதத்தைப் படித்த எனக்குத் தெரியும். அதே மாதங்களில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பணம் திரட்டி, வேலை இழந்த வகுப்புத் தோழர்களுக்கு அனுப்பினார்கள். இன்னும் யாராவது கஷ்டத்தில் இருக்கிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அவன் குழுவில் இல்லை. என் பட்டியலை நம்பியதால் யாரும் அவனைத் தேடவுமில்லை. நான் ஒரு வரி எழுதியிருந்தால் போதும். எழுதினால் மலர் விஷயம் வெளியே வரும். தனியாக என் கையிலிருந்தாவது அனுப்பியிருக்கலாம். திடீரென்று ஏன் என்று அவன் கேட்பான் என்று பயந்து அதையும் செய்யவில்லை. அவன் எப்படிச் சமாளித்தான் என்று இன்றுவரை கேட்டதில்லை.

பிறகு ஒரு படத்தொடர் பார்த்தேன். பிரிட்டனில் 1964இல் ஏழு வயதுப் பிள்ளைகள் பதினான்கு பேரைப் படம் பிடித்து, ஏழு ஆண்டுக்கு ஒருமுறை திரும்பப் போய்ப் பார்த்தார்கள். மைக்கேல் ஆப்டெட் 2019வரை அந்தப் படத்தொடரை எடுத்தார். அதில் நீல் என்பவர் 28 வயதில் வீடில்லாமல் ஸ்காட்லாந்தில் அலைகிறார். படம் அதை மறைக்கவில்லை, அவரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பின்னாளில் அவர் லண்டனில் கவுன்சிலர் ஆகிறார். அதற்கு முன் கொஞ்ச காலம் அவரைத் தன் வீட்டில் தங்க வைத்தவர் அதே பதினான்கு பேரில் ஒருவரான புரூஸ். முதல் படத்தில் விடுதிப் பள்ளியில் வீட்டு நினைப்பில் ஏங்கி நின்ற பையன். அவர் நீலைத் தங்க வைத்தது தெரிந்த பிறகு என்னால் தொடர்ந்து பார்க்க முடியவில்லை, நிறுத்திவிட்டேன்.

போன வாரம் இரண்டு கடிதங்களையும் படமெடுத்து, மேலே சொன்னதையெல்லாம் எழுதி, முதலில் அவனுக்கு அனுப்பினேன். அவன் படித்துவிட்டான் என்று தெரிந்த பிறகு குழுவில் போட்டேன். சிலர் திட்டினார்கள், பெரும்பாலானவர்கள் பேசவில்லை. ஹூப்ளிக்காரன் மட்டும் அவன் நம்பரைக் கேட்டான். கேட்டுவிட்டுத் தருகிறேன் என்று தங்கவயலுக்கு மெசேஜ் அனுப்பினேன். ‘அவனுக்குக் குடு’ என்று பதில் வந்தது. எனக்கென்று எதுவும் எழுதவில்லை.